குருட்டுக் கீற்று

"அந்தப் பெட்டியோட காதை மூடித் தொலைன்னு மதியத்திலேருந்து—"

"மூட மாட்டேன்னு நானும் மதியத்திலேருந்து—"

"—கத்திக்கிட்டு இருக்கேன், உனக்கு என்னக்கா அப்படி ஒரு பிடிவாதம்?"

"—சொல்லிக்கிட்டு இருக்கேன், உனக்கு என்னடா அப்படி ஒரு அவசரம்?"

மேசைக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தம்பி. நடுவில் கணினி. திரையில் எப்போதும் மூன்று பச்சைப் புள்ளிகள் இருக்கும். இப்போது இரண்டுதான் பச்சை. மூன்றாவது, துறைமுகத்து அலைத்தடுப்பு முனையில் இருக்கும் ரேடியோப் பெட்டியின் புள்ளி, மதியத்திலிருந்து சிவப்பாக நின்றது. பக்கத்திலேயே அது ஏன் வாயை மூடிக்கொண்டது என்ற காரணமும் எழுதியிருந்தது: ரேடார் கேட்டது.

"எந்த ரேடார்?" என்றான் தம்பி. "சொல்லேன் பார்ப்போம். இந்த ஊருக்கு இருந்ததே குன்று மேல ஒரு வானிலை ரேடார். அதோட மோட்டாரைக் கழட்டி லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. கூண்டுக்குள்ள புறா முட்டை போடுது. செத்துப் போனவன் கூப்பிடுறான்னு நம்ம பெட்டி வாயைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கு, நீயும் அதுகூட..."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். செத்துப் போனவன் என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் அவ்வளவு சாதாரணமாகச் சொல்வதில்லை.

அக்கா அதைக் கவனிக்காதவள் போல மேசைத் துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

அவர்கள் பிழைப்பு காற்றில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியைவிட உயரமாக ஓர் இரும்புக் கோபுரம். அதன் உச்சியில் தாய்ப்பெட்டி. அங்கிருந்து ஐஸ் கம்பெனிக் கூரை, ஐஸ் கம்பெனியிலிருந்து அலைத்தடுப்பு முனை என்று மூன்று பெட்டிகளும் நூல் பிடித்தாற்போல ஒரே நேர்கோட்டில் நின்று, ஊருக்கும் துறைமுகத்துக்கும் கம்பியில்லாமல் இணையம் கொடுத்தன. காற்றில் அந்த வழி ரேடாருக்குச் சொந்தமானது, பெட்டிகள் ஒண்டுக்குடித்தனம். அதனால் சட்டம் கறார். எந்த அலைவரிசையிலும் பேசத் தொடங்குமுன் ஒரு முழு நிமிஷம் மூச்சுக் காட்டாமல் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். ரேடாரின் துடிப்பு ஒன்று காதில் விழுந்தாலும் அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும், அரைமணிக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. மதியத்திலிருந்து முனைப் பெட்டி ஒவ்வோர் அலைவரிசையாகத் தாவிப் பார்த்தது. எங்கே போனாலும் அங்கே அந்தத் துடிப்பு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

"துறைமுக ஆபீஸ்ல என்ன சொன்னாங்கன்னு தெரியும்ல? இன்னிக்குள்ள சரி பண்ணலைன்னா நாளைக்குக் கேபிள்காரன் வந்துடுவான். அவங்க போயிட்டா நமக்கு மிச்சம் அந்தப் பல் டாக்டரும் நாலு டீவியும்தான். ஒரு வேலையும் இல்லக்கா. தாய்ப்பெட்டிக்குள்ள நாட்டோட பேரை மாத்திட்டாப் போதும். ரேடாருக்கு ஒதுங்கணும்கிற சட்டம் இல்லாத நாடு எத்தனையோ இருக்கு. அது தன்னை அந்த ஊருப் பெட்டின்னு நினைச்சுக்கும், காதை மூடிக்கும், மத்த ரெண்டும் அது சொன்னதைக் கேட்கும். நீ புதுசாப் போட்ட பாஸ்வேர்டை மட்டும் சொல்லு."

"ரொம்பப் பழக்கப்பட்டவன் மாதிரி பேசுறியே."

"எல்லாக் கம்பெனிக்காரனும் பண்றதுதான்."

"நான் பண்ண மாட்டேன். கடல்ல யாரோ ஒருத்தியோட வீட்டுக்காரர் இருப்பாரு. அவரைப் பார்க்குற கண்ணுல நான் மண்ணைப் போட மாட்டேன்."

"ரேடாரே இல்லைங்கிறேன்!"

"இல்லாதது எப்படிடா கேட்கும்?"

அவன் கதவை அறைந்துவிட்டுப் படியிறங்கிப் போனான். சின்ன வயதிலும் இப்படித்தான், தோற்றுவிட்டால் கதவு.

அறை அமைதியானது. அமைதி என்றால் முழு அமைதி இல்லை. மின்விசிறியின் முனகல், கணினிக்குள் ஓடும் காற்று, கீழே சமையலறைக் குழாய் சொட்டும் சத்தம், இவற்றுக்கு நடுவே சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த ஒரு சின்னப் பெட்டியிலிருந்து எப்போதாவது வரும் "டக்". அது அவள் வீட்டுக்காரர் செய்து மாட்டியது. அக்கரைக்குப் போகும் பயணிகள் படகில் இன்ஜின்காரர் அவர். திரையை நம்பமாட்டார், சத்தத்தை நம்புவார். "கண்ணு ஏமாத்தும், இன்ஜின் ஏமாத்தாது" என்று சொல்லிவிட்டு, பெட்டிகளில் ரேடார் துடிப்பு விழும்போதெல்லாம் டக்கென்று ஒலிக்கும்படி அதைத் தொடுத்துவைத்தார்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் பயணிகளை அக்கரையில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது சூறை அடித்தது. குன்றின் ரேடாரில் சூறை தெரிந்தால் உடனே படகுகளுக்குச் செய்தி போகும். அன்று போகவில்லை. படகின் பலகைகள் மட்டும் கரைக்கு வந்தன. அவர் வரவில்லை. அவள் குன்றேறிப் போய் ரேடார் நிலையத்து வாசலில் நின்று, உங்கள் கண் அவிந்துபோக என்று தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வந்தாள். வீட்டில் எல்லாரும் மெல்ல மெல்ல அழுகையை விட்டார்கள். அவள் ஒரு கேள்வியை மட்டும் விடவில்லை. ஏன் யாரும் பார்க்கவில்லை? அவ்வளவு பெரிய மேகம், அவ்வளவு பெரிய கண், ஏன் பார்க்கவில்லை?

டக்.

அவள் நிமிர்ந்தாள். ரேடாரின் துடிப்பை அவள் பழகியிருந்தாள். அது சுற்றிச் சுற்றிப் பார்க்கும் கண், ஒரு சுற்றுக்கு ஒருமுறை சட்டென்று வந்து கடந்துபோகும், தெருவில் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போகிறவனைப் போல. இது கடந்துபோகவில்லை. திரும்பவும் இல்லை. நின்று பார்ப்பது போல இருந்தது.

சாளரத்துக்கு வெளியே பிற்பகல் வெளிச்சம் பழந்துணி நிறத்தில் கிடந்தது. கடல் பக்கத்திலிருந்து ஈரமும் உப்பும் கலந்த காற்று வந்தது, அதனடியில் மிக மெலிதாக, யாரோ துணியில் துடைத்துவிட்டுப் போனது போல டீசல் வாசனை. துறைமுகம் பக்கத்தில்தானே, வரும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். காற்று அந்தப் பக்கம் இல்லை என்பதை அவள் தலைமுடி சொல்லிக்கொண்டிருந்தது.

ஐஸ் கம்பெனிப் புள்ளி சிவந்தது.

ரேடார் கேட்டது.

கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பெட்டி வேறு அலைவரிசைக்குத் தாவி, ஒரு நிமிஷம் காதைக் கொடுத்து உட்கார்ந்தது. அவளும் கூடவே மூச்சைப் பிடித்தாள். குழாய் சொட்டியது. விசிறி முனகியது. நிமிஷம் முடியப் போகிறது, பச்சை வரப் போகிறது என்ற நொடியில், டக்.

முனையில் கேட்டது இப்போது ஐஸ் கம்பெனியில் கேட்கிறது. கடலிலிருந்து ஒரு கோடு கிழித்தால் முதலில் முனை, பிறகு ஐஸ் கம்பெனி, பிறகு...

தொலைபேசி அடித்தது. துள்ளிவிட்டாள்.

"ஏம்மா, என்ன இணைப்பு இது?" பல் டாக்டர். "ஒருத்தர் வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு, எக்ஸ்ரே படம் பாதியில நிக்குது."

"முழுசா வர்ற வரைக்கும் வாயை மூடச் சொல்லுங்க டாக்டர்."

"நக்கலா? அன்னிக்குப் பந்தயம் நடந்தப்ப மட்டும் தம்பி எப்படிச் சரி பண்ணினாரு? ஒரு போன் அடிச்சேன், அடுத்த நிமிஷம் படம் தண்ணியா ஓடுச்சு. அவர்கிட்ட குடுங்க."

"எந்தப் பந்தயம்?"

"அதாம்மா, கிரிக்கெட் கடைசிப் பந்தயம். போன மழைக்காலத்துல. ஊரே பார்த்துச்சே."

அவள் போனை வைத்துவிட்டாள். அந்தப் பந்தயம் எந்த நாள் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்று தெருவெல்லாம் பட்டாசு போட்டார்கள். அந்தச் சத்தத்தில்தான் இவள் வாசலில் நின்று படகு இன்ஜினுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

குன்றின் ரேடார் நிலையத்து எண்ணை அவள் விரல் மறக்கவில்லை. திட்டுவதற்காகவே மனப்பாடம் செய்த எண்.

"சார், டவர் வீட்டுலேருந்து பேசுறேன். ரேடாரைத் திரும்ப ஓட விட்டுட்டீங்களா?"

"ஓ... நீங்களாம்மா." ரேடார்காரர் தொண்டையைச் செருமினார். "ஓடுறதுக்கு அதுக்கு மோட்டார் வேணாமா? நான் இங்க காலிக் கூண்டுக்குக் காவல் காத்துக்கிட்டு இருக்கேன்."

"அப்ப எங்க பெட்டி எதைக் கேட்குது?"

"கேட்குதா?" அவர் சிரித்தார். கசந்த சிரிப்பு. "இப்பத்தான் கேட்க ஆரம்பிச்சிருக்கா?"

"புரியுற மாதிரி சொல்லுங்க சார்."

"முடிஞ்சு போனதும்மா. விடுங்க."

"எனக்கு முடியலை."

அந்தப் பக்கம் அவர் புறாக்களை விரட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு என் திரையில ஒரு கீற்று விழுந்துச்சும்மா. டார்ச் அடிச்ச மாதிரி. குன்றுலேருந்து உங்க வீட்டுக் கூரை மேல போயி, ஐஸ் கம்பெனி, முனைன்னு நேரா கடலுக்குள்ள. அந்தக் கீற்றுக்குள்ள மேகமா, மழையா, ஒண்ணும் தெரியலை. குருடு. சுத்திலும் துடைச்சு விட்ட மாதிரி வானம். சூறை அந்தக் கீற்றுக்குள்ளேயே ஒளிஞ்சு வந்துச்சு. உங்க பெட்டி காதைப் பொத்திக்கிட்டு என் கண்ணுக்குள்ள கத்திக்கிட்டு இருந்துச்சு. அதோட நாட்டை யாரோ மாத்தி வெச்சிருந்தாங்க."

"யாரோன்னா?"

"நீங்க என் வாசல்ல வந்து நின்னீங்களே, அதுக்கு மறுநாளே அந்தப் படத்தை எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தேன். உங்க தம்பிதான் இருந்தாரு. அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன் சார்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு." நிறுத்தினார். "சொல்லலையா?"

அவள் ரிசீவரை வைத்தாள். வைத்த கையை எடுக்க மறந்தாள்.

தம்பி கொள்ளிச்சட்டி போலக் கனன்ற முகத்தோடு அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. "அந்த ரேடார்காரனைச் சும்மா விடக் கூடாதுக்கா" என்று சொன்னவன் அவன். குன்றுக்கு வண்டியில் அவளைக் கூட்டிப்போனவன் அவன். அவள் கத்தி முடிக்கும்வரை வண்டியை அணைக்காமல் காத்திருந்தவன்.

டக். டக். டக்.

கொஞ்சம் தாமதித்து, டக்.

அவள் உடம்பு முந்திக்கொண்டது, புத்தி பின்னால் வந்தது. மூன்று அடி சீராக, நான்காவது நொண்டி. நாலு சிலிண்டரில் ஒன்று சரியாகப் பிடிக்காத படகு இன்ஜின். சமையலறையில் எத்தனை சாயங்காலம் அந்தச் சத்தத்தைக் கேட்டு அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கிறாள். ரிப்பேர் பார்க்கச் சொன்னால் அவர் சிரிப்பார். "நொண்டினாலும் வீடு வந்து சேருதுல்ல?"

டக். டக். டக்.

டக்.

தாய்ப்பெட்டியின் புள்ளி சிவந்தது.

மூன்றும் சிவப்பு. வீட்டின் பெட்டிகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன. சுவரில் அந்தச் சத்தம் மட்டும் நொண்டிக்கொண்டு நடந்தது.

அவள் எழுந்து சாளரத்தருகே போனாள். மழை பெய்துகொண்டிருந்தது. பார்த்ததும் மனம் ஆறியது, மழைதானே, மழைச் சத்தமாக இருக்கும். பிறகுதான் எதிர்வீட்டைப் பார்த்தாள். எதிர்வீட்டு மாடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் மேல் ஒரு துளி இல்லை. தெருவில் ஒருவர் குடையில்லாமல் சட்டை நனையாமல் நடந்துபோனார். மழை அவர்கள் வீட்டு அகலத்துக்கு மட்டும் பெய்தது. சுவர் வைத்துக் கட்டியது போல இரண்டு பக்கமும் நேராக, ஐஸ் கம்பெனிக் கூரையைத் தொட்டு, முனையைத் தொட்டு, சாம்பல் நிறத்தில் கடலுக்குள் நீண்டு கிடந்தது. ஒரு கீற்று.

மேசை மேல் கிடந்த வாக்கி-டாக்கி கரகரத்தது.

"அக்கா. நான் மேல இருக்கேன்."

அதை எடுத்துக்கொண்டு பின்பக்கச் சாளரத்துக்குப் போய்க் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். உச்சியில், இடுப்புக் கயிற்றில் சாய்ந்தபடி, மழைக்குள் ஒரு கரிய புள்ளியாக அவன்.

"நீ பாஸ்வேர்டு சொல்ல வேணாம். தாய்ப்பெட்டியைத் திறந்து ரீசெட் அமுக்கிட்டேன். புதுசா நானே போட்டுக்கிறேன். திட்டாதே. கீழ வந்து பேசிக்கலாம்."

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"டேய். அன்னிக்கும் நீதானே மூடின?"

அவள் விரலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.

"பந்தயத்தன்னிக்கு. நீதானே?"

"...யாரு சொன்னா?"

"ஆமான்னு சொல்லு, இல்லைன்னு சொல்லு."

"அக்கா, ஊரே போன்ல கத்துச்சுக்கா. படம் நிக்குது, படம் நிக்குதுன்னு. பந்தயம் முடியுற வரைக்கும்தான்னு நினைச்சேன். வானம் அவ்வளவு தெளிவா இருந்துச்சு, நீயும் பார்த்தேல்ல? மாமா அந்தக் கோட்டுலதான் வருவாருன்னு நான் என்ன கனவா கண்டேன்?" அவன் குரல் உடைந்து, உடனே முறுக்கிக்கொண்டது. "சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? திரும்பி வந்துடுவாரா?"

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். நெஞ்சில் அழுகை இருக்கும் என்று தேடினாள். அங்கே காய்ந்துபோன ஒரு கிணறுதான் இருந்தது.

"வேற நாட்டைப் போட்டுட்டேன்" என்றான் அவன். "பாரு இப்ப."

மூன்று புள்ளிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாயின. சுவரில் சத்தம் நின்றது.

நின்றுவிட்டது என்பதல்ல. கேட்கும் காது மூடிவிட்டது. வந்துகொண்டிருந்தது எதுவோ, அது எங்கே வருகிறது என்று சொல்ல இனி வீட்டில் ஒன்றும் இல்லை.

டீசல் வாசனை அறைக்குள் வந்துவிட்டது. கனமாக. ஈரமாக. கடலடியில் நாள்பட்டுக் கிடந்த துணியின் வாசனை அதற்குள்.

கீழே தோட்டத்துக் கதவு திறந்தது.

காற்று இல்லை.

சாளரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கோபுரத்தடி. ஏணியின் முதல் படி. மழை கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் அந்த இடத்தில் மட்டும் கொட்டவில்லை. மழைக்குள் ஒரு வெற்றிடம். ஆள் உயரம். ஆள் அகலம். துளிகள் அதன் விளிம்பு வரை வந்தன, உள்ளே போகவில்லை. அதற்குள் ஏணி தெரியவில்லை. பின்சுவர் தெரியவில்லை. எதுவுமே தெரியவில்லை.

அது ஒரு படி ஏறியது. இரும்பு முனகியது.

இன்னொரு படி. இன்னொன்று.

நின்றது.

இன்னொன்று.

"அக்கா?" வாக்கி-டாக்கி. "நெட் ஓடுதா? பச்சை வந்துச்சா?"

அவள் கையில் அது ஈரமாகியிருந்தது. கட்டைவிரல் பொத்தான் மேல். அழுத்தினால் போதும். ஒரு வார்த்தை. கயிற்றை அவிழ்த்துத் தொட்டிப் பக்கம் குதிடா என்று சொன்னால் போதும். தொட்டி எட்டும் தூரம்தான். சின்ன வயதில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றியவள் அவள்.

விரல் அப்படியே இருந்தது.

பயமா? பயம்தான். அது இவள் குரலைக் கேட்டுத் திரும்பிவிடுமோ என்ற பயம். பயத்தோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்க முடியாமல், வேறொன்றும் இருந்தது. அதற்கு அவள் பெயர் வைக்க விரும்பவில்லை.

வெற்றிடம் பாதிக் கோபுரம் ஏறிவிட்டது. அது கடந்துபோன படிகளில் கறுப்பாக எண்ணெய் வழிந்தது, மழை அதைக் கழுவவில்லை. மேலே அவன் குனிந்து பார்ப்பது தெரிந்தது. கண்ணில் விழும் மழையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, மறுபடி குனிந்தான்.

"அக்கா, ஏணி ஆடுது." மூச்சு வாங்கியது. "மழைக்கு ஒண்ணும் தெரியலை. யாரோ ஏறி வராங்க." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "சரிக்கா, தப்புதான், நேர்ல வந்து அடிச்சுக்கோ. இப்ப ஒண்ணு மட்டும் சொல்லு... கீழேருந்து ஏறி வர்றது நீதானே?"